மாமா போட்ட புடைப்பு

ஜூன் 18

இந்த நோட்டைப் போடச் சொன்னது எங்கள் தெரு டாக்டர். "தலைவலி வந்தா தேதி போட்டு எழுதி வைப்பா" என்றார். இன்று தலைவலி இல்லை. எழுத வேண்டியது அவ்வளவுதான். ஆனால் நோட்டை வாங்கிக் கொடுக்கும்போதே அப்பா, "ஒரு பக்கம்கூட வீணாவக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அப்பா ஹார்டுவேர் கடைக்காரர். வளைந்த ஆணியைக்கூட நிமிர்த்தி விற்கிறவர். என்னையும் பதினாறு வருடமாக நிமிர்த்தப் பார்க்கிறார்.

விஷயம் என்.சி.சி. தொப்பியில் ஆரம்பித்தது. அணிவகுப்பில் சார் என் முன்னால் வந்து நின்று, "நயினார், தொப்பிய நேரா வைல" என்றார்.

"தொப்பி நேராத்தான் சார் இருக்கு. மண்டைதான் கோணல்" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. சார் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லாமல் அப்பாவுக்குப் போன் செய்தார். அவர் யாரையும் ஓடச் சொல்லாத நாளை அன்றுதான் பார்த்தேன். கொஞ்சம் பயமாக இருந்தது. அதாவது, சாருக்கு.

உச்சிக்குச் சற்று முன்னால் எனக்கு ஒரு புடைப்பு உண்டு. நினைவு தெரிந்த நாளிலிருந்து புளியங்கொட்டை அளவில் கிடந்தது. இப்போது பாதி எலுமிச்சம்பழம். அதன் வரலாறு வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். எனக்கு ஒரு வயது ஆவதற்குள் திருச்செந்தூரில் முதல் மொட்டை போட்டார்கள். முறைப்படி தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். பாதி மொட்டையில் நான் மடியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தேன். மீதிப் பாதியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கே ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து, முடி வளரும் முன்னால், புடைப்பு கண்ணில் பட்டது. அதோடு அப்பா மாமாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஆக, மாமன் எனக்குச் செய்த சீர்வரிசை: ஒரு வெள்ளி அரைஞாண், ஒரு மோதிரம், மண்டையில் ஒரு புடைப்பு. முதல் இரண்டும் இப்போது வீட்டில் இல்லை. மூன்றாவது மட்டும் வளர்கிறது.

ஜூன் 19

தலைவலி இல்லை.

மாமாவின் பெயர் பேச்சிமுத்து. கோவில்பட்டியில் பேச்சுவார்த்தை இல்லாத ஒரே பேச்சி அவர்தான். மைக் செட் வைத்திருக்கிறார். அவர் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொன்னால் ஊருக்கே கேட்கும். அப்பாவுக்கு மட்டும் கேட்காது. இருவருக்கும் நடுவில் தபால்காரன் நான்.

போன மாதம் கோயில் திருவிழாவுக்கு முன்னால் அப்பா, "அவன்ட்ட சொல்லு. கோயில் கொடைக்கு மைக் குழாய நம்ம தெருப்பக்கம் திருப்பக் கூடாதுன்னு" என்றார். நான் மாமாவிடம் போய், "உங்க குழாய் சத்தம் கணீர்னு இருக்காம் மாமா. அப்பாவுக்குக் கேக்கணும்னு ஆசையாம். நம்ம தெருப்பக்கமே திருப்பச் சொன்னாங்க" என்றேன். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலை அப்பாவின் ஜன்னலுக்கு நேராக நாலு குழாய். அப்பா பல் தேய்த்துக்கொண்டே, "வேணும்னே செய்யுதான்" என்றார்.

இன்னொரு வசதியும் உண்டு. "மாமா, புடைப்பு லேசா வலிக்கு" என்று சொன்னால் போதும், புரோட்டா, சால்னா, ஆம்லெட். அது ஒருநாளும் வலித்ததில்லை.

ஜூன் 21

எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மண்டையோட்டில் வட்டமாக ஒரு கறுப்பு. ஓரத்தில் வெள்ளைக் கோடு. பிசிக்ஸ் சார் எனக்கு மண்டைக்கனம் என்று அடிக்கடி சொல்வார். கனமெல்லாம் இல்லை சார், ஓட்டை.

"எலும்பு இந்த இடத்துல அரிச்சிருக்கு. திருநெல்வேலில மூளை டாக்டரப் பாத்திருங்க" என்றார்.

அப்பா எக்ஸ்ரேயைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "விழுந்த எடந்தான்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

சாயங்காலம் மாமாவிடம் சொன்னேன். வழக்கம்போல் கண்ணடித்துச் சொல்லலாம் என்றுதான் போனேன். "மாமா, எலும்புல ஓட்டையாம்." ஒயர் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அப்புறம், "புரோட்டா வாங்கியாரட்டாடே?" என்று கேட்டார். எனக்குப் புரோட்டா சலித்துவிட்டது. வேண்டாம் என்றேன்.

ஜூன் 22

தலைவலி இல்லை. நெட்டில் தேடினேன். இனித் தேடமாட்டேன்.

ஜூன் 26

திருநெல்வேலி. டாக்டர் பெயர் ஜெபராணி. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்.

"தலையில எப்பவாவது அடிபட்டிருக்கா?"

அவ்வளவுதான். அப்பா போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதித் தருவதைப் போல இடம், நேரம், மடி, தரை என்று வரிசையாகச் சொன்னார். மாமாவின் பெயரை மட்டும் சொல்லவில்லை. "இவங்கம்மா கூடப்பொறந்தவன்" என்றார். டாக்டர் புடைப்பை அழுத்திப் பார்த்துவிட்டு, சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் எழுதினார். தலையெழுத்தைப் படிக்க இப்போது இரண்டு மெஷின்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும் முன் அங்கிருந்த அண்ணன், "உடம்புல இரும்பு, செம்பு, தகடு எதுவும் இருக்கா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் இரும்பைக் கண்டுபிடிக்கிற ஒரு கம்பியை மேலும் கீழும் ஓட்டினார். இடுப்புக்கிட்டே கத்தியது. நேற்று நான் தூங்கும்போது அம்மா அரைஞாண் கயிற்றில் செப்புத் தகட்டுத் தாயத்து ஒன்றைக் கட்டியிருக்கிறாள். அதைக் கழற்றினால் மறுபடியும் கத்தியது. முதுகுப் பக்கம் இன்னொன்று.

"ஒண்ணு முருகன், ஒண்ணு மாதா" என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் வெளிய நிக்கட்டும்மா" என்றார் அந்த அண்ணன்.

உள்ளே டொக் டொக், கிர்ர், டுடுடு என்று சத்தம். மாமாவின் பழைய ஆம்ப்ளிஃபயர் இதைவிட மோசம். ஆகவே எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது ஏசியால்.

வெளியே வந்தால் எதிர்த்த டீக்கடையில் மாமா. கோவில்பட்டியிலிருந்து பைக்கில் எங்கள் வாடகைக் காருக்குப் பின்னாலேயே வந்திருக்கிறார். "ஒயர் வாங்க வந்தேன் மருமவனே" என்றார். ஒயர்க் கடை அந்தப் பக்கத்திலேயே கிடையாது.

ஜூலை 1

ரிசல்ட். டாக்டர் ஜெபராணி படத்தை கம்ப்யூட்டரில் காட்டினார்.

"இது பெரும்பாலும் பிறவிக் கட்டி. குழந்தை வயித்துக்குள்ள உருவாகும்போது மண்டையோடு மூடும் பாருங்க, அப்ப மேல்தோல்ல கொஞ்சம் எலும்புக்குள்ள மாட்டிக்கிச்சு. தோலுக்கு என்ன வேலை? உரிஞ்சு உரிஞ்சு புதுசா வளரும். வெளிய உரிஞ்சா குளிக்கும்போது போயிடும். உள்ள உரிஞ்சா எங்க போகும்? சேந்துகிட்டே இருக்கும்."

பதினாறு வருடமாகக் குளிக்காத ஒரு தோல் என் மண்டைக்குள் இருக்கிறது. என் அலமாரியைப் பற்றி அம்மா சொல்வதும் இதுதான்.

"கெட்டதா டாக்டர்?" என்றாள் அம்மா. வேறு சொல்லை அவள் வாயில் எடுக்கவில்லை.

"கெட்டது மாதிரி தெரியல. ஓரம் கோடு போட்ட மாதிரி சுத்தமா இருக்கு. கெட்டது இவ்வளவு மரியாதையா வளராது. ஆனா எடுத்து லேப்ல பாத்துத்தான் முடிவா சொல்லணும். மூளைய அழுத்துறதுக்கு முன்னால எடுத்துடலாம். ரொம்ப அபூர்வம். என் சர்வீஸ்ல இந்த இடத்துல இது மூணாவது."

அப்பா கேட்டார்: "அப்ப, கீழ விழுந்ததால இல்லையா?"

"இல்ல. விழும்போதே இது இருந்திருக்கும். மொட்டை அடிச்சதுல வெளிய தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

"விழுந்ததால கொஞ்சம்கூட இல்லையா?"

டாக்டர் கண்ணாடியை மேலே தள்ளினார். "இதுல ரெண்டு வகை உண்டு. ஒண்ணுல வெறும் தோல் மட்டும். இன்னொண்ணுல தோலோட முடி வேர், எண்ணெய்ச் சுரப்பி எல்லாம் இருக்கும். முடி வேர் இருந்துச்சுன்னா பேச்சே இல்ல, பிறவிதான். வெறும் தோல்னா, லட்சத்துல ஒருத்தருக்கு, ஆழமான காயத்துல தோல் உள்ள போயி மாட்டியிருக்கலாம். இவனுக்கு அப்ப தையல் போட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப அதுவும் இல்ல."

ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா, "லட்சத்துல ஒண்ணு" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவார்கள் என்று கேட்டிருக்கிறேன். இது அப்பா மொட்டைத்தலைக்கும் மாமாவுக்கும் போட்ட முடிச்சு. டாக்டர் வந்து அவிழ்த்தாலும் விடமாட்டார்.

மாமாவிடம் பிறவிக் கட்டி என்று மட்டும் சொன்னேன். லட்சத்தைச் சொல்லவில்லை. தபால்காரன் சில கடிதங்களைத் தொலைக்கலாம்.

ஜூலை 2

முருகா, ஒரே ஒரு முடி போதும். அப்பாவின் மண்டைக்கு வெளியே இல்லாதது என் மண்டைக்கு உள்ளே இருக்க வேண்டும்.

ஜூலை 4

மதுரையில் இன்னொரு டாக்டர். அவரும் அதையேதான் சொன்னார். அப்பா அதையேதான் கேட்டார்.

ஜூலை 9

நாகர்கோவிலில் மூன்றாவது டாக்டர். வயதானவர். படங்களைப் பார்த்தார். பிறவி, நல்ல கட்டி, எடுத்துவிடலாம் என்றார். அப்பா ஆரம்பித்தார்: "விழுந்ததால…"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்குக் கட்டியப் பத்திச் சந்தேகமா, விழுந்ததப் பத்திச் சந்தேகமா?"

"விழுந்ததப் பத்தி" என்றார் அப்பா.

"விழுந்தது விழுந்ததுதான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

மூன்று டாக்டர்களும் சேர்ந்து மாமாவை விடுதலை செய்துவிட்டார்கள். அதனால்தான் அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது என்று நினைக்கிறேன். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தார். வள்ளியூரில் வாங்கிய வடையைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தார். தோற்ற கட்சி வக்கீல் மாதிரி. கடைசியில் அந்த வடையை நான் சாப்பிட்டேன்.

ஜூலை 10

ஆபரேஷனுக்கு முன்னால் மண்டையைச் சிரைப்பார்களாம். அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"முடி முருகனுக்கு. மண்டைதான் டாக்டருக்கு. பாதி மொட்டையோட நேர்த்திக்கடன் அப்படியே நிக்கி. அத முடிச்சிட்டுத்தான் ஆஸ்பத்திரி."

"சரி, போட்டுட்டு வாங்க" என்றார் அப்பா.

"எவன் மடில ஆரம்பிச்சமோ அவன் மடில முடிக்கணும்."

அம்மா பெயர் செண்பகவல்லி. இந்த வீட்டில் அவள் குரல் இதுவரை தாளிக்கிற சத்தத்துக்கு மேல் போனதில்லை. "அவன் மடி இல்லாம மொட்டை இல்ல. மொட்டை இல்லாம ஆபரேசன் இல்ல. என்ன சொல்லுதிய?"

அப்பா என்னைப் பார்த்து, "ஏல, அவன்ட்ட சொல்லு. ஞாயித்துக்கிழம காலைல வரணும்னு" என்றார்.

இத்தனை வருடத்தில் நான் ஒரு எழுத்தும் மாற்றாமல் கொண்டுபோன ஒரே தபால் இது.

ஜூலை 13

திருச்செந்தூர்.

நான் அறுபத்து மூன்று கிலோ. மாமா ஐம்பது இருந்தால் அதிகம். முடி இறக்குகிறவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பிய மடில வைக்கணுமா, மடியத் தம்பிமேல வைக்கணுமா?"

மாமா சப்பணமிட்டு உட்கார்ந்தார். நான் உட்கார்ந்தேன். அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, பழைய ஹார்மோனியத்தை மூடுவதைப் போல. சுற்றி இருந்த குழந்தைகள் எல்லாம் அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தன. ஒரு பாப்பா அதன் அம்மாவிடம், "அந்தப் பெரிய பாப்பா ஏன் அழல?" என்று கேட்டது.

"மாமா, மூச்சு விடுங்க."

"நீ ஆடாம இருடே."

இரண்டு கையாலும் என் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தார். சிவந்து தடம் விழுகிற மாதிரிப் பிடி. முடி இறக்குகிறவர் புடைப்பைச் சுற்றி மெதுவாகக் கத்தியை ஓட்டினார். பின்னாலிருந்து மாமாவின் மனைவி, என் அத்தை, சொன்னாள்: "இப்பத்தான் இறுக்கிப் பிடிக்கத் தெரியுது இவகளுக்கு. எங்க புள்ள நடக்குற வரைக்கும் ஒருநாளும் தூக்கினதில்ல. தொட்டில ஆட்டுறதுகூடக் காலால."

பாதி மொட்டையானபோது அப்பா எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து உயர்த்தினார். அம்மா சட்டென்று பக்கத்தில் வந்தாள்.

"போட்டோ வேண்டாம்" என்றாள், மெதுவாக. "அன்னைக்கும் நீங்க கேமராவோட நின்னு, 'மாப்ள, இங்க பாரு'ன்னு கூப்பிட்டியல்லா. எந்தம்பி உங்களப் பாத்து, புள்ளயப் பிடிச்சிருந்த ரெண்டு கையையும் தூக்கினான்."

அப்பா போனைப் பைக்குள் போட்டார். கடல் பக்கம் நடந்து போய்விட்டார்.

இந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். மடி, தரை, பாதி மொட்டை எல்லாம் வரும். கேமரா ஒருதடவைகூட வந்ததில்லை.

மொட்டை முடிந்தது. சந்தனம் பூசினார்கள். "எந்திரிக்கட்டா மாமா?" என்றேன். "இருடே" என்றார். சந்தனம் காய்கிற வரை விடவில்லை. என் முதுகில் அவர் முகம் இருந்த இடம் நனைந்திருந்தது. வெயில். வியர்வை.

அப்பா திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "உப்புக் காத்து" என்றார். அங்கே உப்புக் காற்று அதிகம்தான்.

ஜூலை 16

அட்மிஷன். தலைவலி இல்லை. தலைமுடியும் இல்லை. ஆபரேஷன் நாளைக் காலை. டாக்டர் வந்து, "பயமா இருக்கா?" என்றார். "நீங்க பயப்படாதீங்க டாக்டர், நான் ஆடாம இருப்பேன்" என்றேன். சிரித்தார். போனபிறகு நர்சக்காவிடம் மயக்க ஊசியிலிருந்து எல்லோரும் முழிப்பார்களா என்று சும்மா ஒரு பொது அறிவுக்காகக் கேட்டேன்.

ஜூலை 20

முழித்துவிட்டேன். நர்சக்கா நோட்டை இன்றுதான் கொடுத்தார், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு, ஆகவே சுருக்கமாக.

கட்டி முழுதாக வந்துவிட்டதாம். உள்ளே வெள்ளையாக, பிசைந்த மெழுகு மாதிரி இருந்ததாம். மூளையின் உறையைத் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது, உள்ளே போகவில்லை. மூளை இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்று டாக்டரே சொன்னார். அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் காட்ட.

முடி வேர் இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாதாம். லேப் சொல்ல வேண்டும்.

ஓட்டையை டைட்டானியம் வலை வைத்து மூடியிருக்கிறார்கள். அப்பா கேட்ட முதல் கேள்வி, "என்ன சைஸ் ஸ்குரூ?" எட்டு ஸ்குரூ. நாலு மில்லிமீட்டர். துருப்பிடிக்குமா, தலை தட்டையா, வழுக்குமா என்று கேட்டுக்கொண்டே போனார். டாக்டர் ஒரு ஸ்குரூவை டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினார். அப்பா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "நல்ல சரக்கு" என்றார். இத்தனை நாள் என்னை மறை கழண்டவன் என்று சொன்னவர்களுக்கு: எட்டு மறை, எல்லாம் டைட்.

ஜூலை 22

பார்வையாளர் நேரத்தில் ஒரு பாஸ்தான். அப்பா உள்ளே, மாமா கேட்டுக்கு வெளியே. இன்று அப்பா என் பக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்தார். "கீழ ஒருத்தன் வெயில்ல நிக்கான். பாஸ நர்சுட்ட குடுத்து அனுப்புதேன்" என்று எழுந்து போனார்.

மாமா வந்தார். கட்டில் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். "லேப்ல என்ன சொன்னாங்க?" என்றார்.

"இன்னும் வரல. பிறவிதான்னு சொன்னேன்லா மாமா."

"லட்சத்துல ஒண்ணுன்னு அக்கா சொன்னா."

தபால் ஆபீசில் இன்னொரு ஆளும் வேலை பார்க்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜூலை 29

லேப் ரிப்போர்ட். டாக்டர் ஜெபராணி படித்தார். கெட்டது எதுவுமில்லை. அம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள், டாக்டரையா கம்ப்யூட்டரையா தெரியவில்லை.

"சுவருல முடி வேர் இருக்கு. எண்ணெய்ச் சுரப்பியும் இருக்கு. ரெண்டாவது வகை. கருவுலயே வந்தது."

மாமா மயிரிழையில் தப்பினார். இப்படி ஒரு வசனத்தை ஒரு மாதமாகத் தயாராக வைத்திருந்தேன். சொல்ல வாயைத் திறந்தேன். அப்பாவைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அப்பா நாற்காலியில் முன்னால் குனிந்து முகத்தைக் கர்சீப்பால் மூடியிருந்தார். தோற்ற வக்கீல் இப்படி இருக்கமாட்டார். "நான் கூப்பிட்டதால இல்ல" என்று கர்சீப்புக்குள் சொன்னார். மறுபடி, "நான் கூப்பிட்டதால இல்ல." டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், "இல்ல சார். யாராலயும் இல்ல" என்றார்.

மூன்று ஊர், மூன்று டாக்டர், ஒரே கேள்வி. நான் அந்தக் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்திருக்கிறேன். இதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், கை வலிக்கிறது.

அம்மா வெளியே வந்து, "குடுக்காத பாதி முடி உள்ள போய் ஒளிஞ்சிருக்கு பாரு" என்றாள். அறிவியல் அவளை இன்னும் எட்டவில்லை.

ஜூலை 30

இன்று சாயங்காலம் அப்பா கடையைச் சீக்கிரம் அடைத்தார். "ஏல, வா" என்றார். நடந்து மாமாவின் மைக் செட் கடைக்குப் போனோம். மாமா ஸ்டூலில் ஏறிக் குழாய் துடைத்துக்கொண்டிருந்தவர் இறங்கி நின்றார். அப்பா ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டவில்லை. அவரிடமே நேராக நீட்டினார்.

மாமா படித்தார். ஆங்கிலம். ஆனாலும் கடைசி வரி வரை படித்தார்.

"ஒன் மேல தப்பில்ல மாப்ள" என்றார் அப்பா. பதினைந்து வருடத்துக்குப் பிறகு வந்த முதல் வாக்கியம். "அன்னைக்கு நாந்தான் கூப்பிட்டேன். எம் மேலதான் தப்பு."

"இல்ல அத்தான். நீங்க கூப்பிட்டா நான் ஏன் கைய எடுக்கணும்? எம் மேலதான்."

"நான் கூப்பிடலன்னா நீ எடுத்திருக்க மாட்ட."

"கூப்பிட்டா திரும்பலாம். கைய எடுக்கலாமா?"

"ஏய், நாந்தான்னு சொல்லுதேன்லா."

"அதெப்படி? பதினஞ்சு வருசமா எம் மேல இருந்தத இப்ப நீங்க எப்படி எடுப்பிய?"

குரல் ஏறிக்கொண்டே போனது. அடுத்த கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அந்த விழுதலால் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கான காகிதம் மாமாவின் கையிலேயே ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. நான் நடுவில் புகுந்து, "வழுக்கி விழுந்தது நான். எனக்கு அதுல ஒரு பங்கும் கிடையாதா?" என்றேன்.

"நீ வாய மூடுல" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாமா கையைத் துணியில் துடைத்தார். அப்பா, "டீ குடிப்பமா?" என்றார். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, யார் தப்பு என்று பேசிக்கொண்டே தெருமுனை வரை போனார்கள்.